கப்பலுக்கு மெடிக்கல்: உண்மை சொன்னால் யாருக்கு நஷ்டம்?



பி.காம் படிக்கிற ஆளுக்குக் கப்பலில் என்ன வேலை என்று கேட்கத்தான் போகிறீர்கள். நகைச்சீட்டு பற்றி எழுதியபோது "உனக்கு எதுக்குப்பா நகை" என்று கேட்ட அதே கூட்டம்தானே :-) கேளுங்கள். ஆனால் ஒப்பந்தம், இன்ஷூரன்ஸ், ஆடிட் என்று நம் சிலபஸில் பாதி இந்த ஒரு விஷயத்துக்குள் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஹாஸ்டலில் தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கத்துப் பசங்க அதிகம். யாராவது ஒருவனுக்கு அண்ணனோ மாமாவோ கப்பலில் இருப்பார். போன் பேச்சில் அடிக்கடி காதில் விழும் வார்த்தை "மெடிக்கல்". "அண்ணனுக்கு மெடிக்கல் முடிஞ்சுதா?" "மெடிக்கல்ல நிப்பாட்டிட்டாங்கடா." கல்யாணத் தேதி, வீட்டுக் கடன், தங்கச்சி படிப்பு எல்லாம் அந்த ஒரு டாக்டர் கையெழுத்தில் தொங்கும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடலுக்குப் போகிறவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை கட்டாயம் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இன்று அது நடக்கிற விதம், நோயை மறைப்பவனைவிட நோயைச் சொல்பவனைத்தான் அதிகம் தண்டிக்கிறது. இதைச் சரிசெய்யாமல் எத்தனை டெஸ்ட் கூட்டினாலும் பிரயோஜனம் இல்லை.

ஏன் வேண்டும்?

ஒரு சரக்குக் கப்பலில் இருபது, இருபத்தைந்து பேர் இருப்பார்கள். அதில் டாக்டர் கிடையாது. நூறு பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ உள்ள, மூன்று நாளைத் தாண்டிய சர்வதேசப் பயணம் போகும் கப்பலுக்குத்தான் டாக்டர் கட்டாயம். மற்ற கப்பல்களில் மருத்துவப் பயிற்சி பெற்ற ஓர் அதிகாரிதான் ஊசி போடுகிறவரும் தையல் போடுகிறவரும். சந்தேகம் வந்தால் கரையில் இருக்கும் டாக்டரை ரேடியோவில் அல்லது சாட்டிலைட் போனில் கேட்க வேண்டும். ரோம் நகரில் இதற்கென்றே 1935 முதல் ஒரு மையம் இயங்குகிறது.

நடுக்கடலில் நெஞ்சு வலி வந்தால் 108-ஐ அழைக்க முடியாது. ஹெலிகாப்டரும் கரையிலிருந்து ஓரளவு தூரம்தான் வரும். அடுத்த துறைமுகம் பத்து நாள் தள்ளி இருக்கலாம். கப்பலில் தீப்பிடித்தாலும் தீயணைப்புப் படை கப்பல்காரர்கள்தான். மூச்சுக் கருவியை மாட்டிக்கொண்டு புகைக்குள் நுழைய வேண்டியவருக்கு இருதயக் கோளாறு என்றால், ஆபத்து அவருக்கு மட்டும் இல்லை, அவரை நம்பிப் பின்னால் வருகிறவருக்கும்தான். அதனால் பல்லில் சொத்தை இருக்கிறதா என்பது வரை பார்க்கிறார்கள்.

கண் பார்வை இன்னும் முக்கியம். கப்பலின் இடப்பக்க விளக்கு சிவப்பு, வலப்பக்க விளக்கு பச்சை. இரவில் இன்னொரு கப்பல் உங்கள் வலப்பக்கத்திலிருந்து குறுக்கே வந்தால், அதன் சிவப்பு விளக்குதான் உங்களுக்குத் தெரியும். அப்படித் தெரிந்தால் வழிவிட வேண்டியது நீங்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க முடியாதவர் பாலத்தில் நின்றால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஜப்பானிய மருத்துவர் ஷினோபு இஷிஹாரா 1917-ல் வெளியிட்ட புள்ளிப் படங்கள் (நாமும் பள்ளியில் பார்த்திருப்போமே, புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும்) இன்றும் இந்தப் பரிசோதனையில் இருக்கின்றன.

சட்டம் என்ன சொல்கிறது?

ஐ.எல்.ஓ. 2006-ல் உருவாக்கிய கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம் (சுருக்கமாக எம்.எல்.சி.) 2013 ஆகஸ்டில் அமலுக்கு வந்தது. இந்தியா 2015-ல் சேர்ந்தது. அதன்படி மருத்துவச் சான்றிதழ் அதிகபட்சம் இரண்டு ஆண்டு செல்லும். 18 வயதுக்குக் கீழ் என்றால் ஓர் ஆண்டு. நிறப்பார்வைச் சான்று ஆறு ஆண்டு. நம் நாட்டில் 2000-ம் ஆண்டின் மருத்துவப் பரிசோதனை விதிகள் வந்தன. கப்பல் துறைத் தலைமை இயக்குநரகம் அங்கீகரித்த டாக்டர்கள்தான் சான்றிதழ் தர முடியும்.

பலருக்குத் தெரியாத இரண்டு விஷயங்கள் இந்த ஒப்பந்தத்தில் இருக்கின்றன. ஒன்று, டாக்டருக்கு முழுச் சுதந்திரம் இருக்க வேண்டும், அவர் முடிவில் யாரும் தலையிடக் கூடாது. இரண்டு, "அன்ஃபிட்" என்று சொல்லப்பட்டவருக்கோ, நிபந்தனையோடு சான்றிதழ் பெற்றவருக்கோ வேறொரு சுதந்திரமான டாக்டரிடம் மறுபரிசோதனை கேட்கும் உரிமை உண்டு.

ஐ.எல்.ஓ.வும் ஐ.எம்.ஓ.வும் சேர்ந்து தந்திருக்கும் வழிகாட்டுதல்களும் ஒன்றும் ஈவிரக்கம் இல்லாதவை அல்ல. ரத்த அழுத்தம் இருக்கிறது, மருந்தில் கட்டுப்பாட்டில் இருக்கிறது, மருந்தால் தூக்கமோ மயக்கமோ இல்லை என்றால் அவர் ஃபிட்தான். எச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒருவரை ஒதுக்கக் கூடாது. புத்தகத்தில் எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது.

அப்புறம் ஏன் ஆட்கள் மறைக்கிறார்கள்?

இரண்டாவது மெடிக்கல்

அரசு மெடிக்கல் தவிர, கம்பெனி மெடிக்கல் என்று இன்னொன்று உண்டு. கப்பல் முதலாளிகள் தங்களுக்குள் கூடி நடத்தும் பரஸ்பர இன்ஷூரன்ஸ் அமைப்புகளை பி அண்ட் ஐ கிளப் என்பார்கள். உலகின் கடல் கடந்து போகும் கப்பல்களின் கொள்ளளவில் சுமார் 90 சதவீதம் இப்படிப்பட்ட 12 கிளப்புகளின் கூட்டமைப்புக்குள்தான் இருக்கிறது. கப்பல்காரருக்கு உடம்பு சரியில்லை என்றால் சிகிச்சை, வீட்டுக்கு அனுப்பும் செலவு, கப்பலைத் திருப்பிவிடும் செலவு எல்லாம் கடைசியில் இவர்கள் தலையில் விழும். அதனால் 1996 முதல் பிரிட்டனின் ஒரு பெரிய கிளப் வேலைக்கு முந்தைய விரிவான பரிசோதனைத் திட்டத்தையே நடத்துகிறது. மற்றவர்களும் அதே வழியில் போனார்கள்.

இன்ஷூரன்ஸ் கம்பெனி பார்வையில் இதில் தப்பே இல்லை. ரிஸ்க்கை அளந்துதான் எடுப்பார்கள். ஆனால் கேள்வி மாறிவிடுகிறது பாருங்கள். அரசு மெடிக்கலின் கேள்வி, "இவர் பாதுகாப்பாக வேலை செய்வாரா?" கம்பெனி மெடிக்கலின் கேள்வி, "இவரால் நமக்குச் செலவு வருமா?" முதல் கேள்வியில் பாஸாகிற நாற்பத்தைந்து வயது எஞ்சினியர், இரண்டாவதில் ஃபெயிலாகலாம். அப்போது அவருக்கு "அன்ஃபிட்" என்றுகூட யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. "அப்புறம் கூப்பிடுகிறோம் சார்" என்பார்கள். கூப்பிட மாட்டார்கள். எழுத்தில் இல்லாத முடிவை எதிர்த்து எங்கே மேல்முறையீடு செய்வது?

பெரும்பாலான கப்பல்காரர்களுக்குச் சம்பளம் ஒப்பந்த மாதங்களுக்கு மட்டும்தான். கரையில் இருக்கும் மாதம் வருமானம் பூஜ்யம். மூன்று மாதம் மருந்து சாப்பிட்டுவிட்டு வா என்று டாக்டர் சொல்வது மருத்துவப்படி சரியான அறிவுரை. வீட்டுக் கணக்கில் அது மூன்று மாத இ.எம்.ஐ.

என் நண்பன் ஒருவனின் அண்ணன் (பெயர், கம்பெனி எதுவும் வேண்டாம்) மெடிக்கலுக்கு இரண்டு வாரம் முன்பு உப்பைக் குறைத்துவிடுவார். காலையில் கிரவுண்டில் ஓடுவார். மாத்திரையை மட்டும் ஒழுங்காகப் போடுவார், பரிசோதனையில் ரத்த அழுத்தம் சரியாக வரும். "ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" என்ற கட்டத்தில் "இல்லை" என்று டிக் செய்வார். கப்பலில் அந்த மாத்திரைகள் ஒரு வைட்டமின் டப்பாவுக்குள் இருக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், வழிகாட்டுதல்படி அவர் உண்மையைச் சொல்லியிருந்தாலும் ஃபிட்தான்! பயம் அரசு டாக்டரிடம் இல்லை, அடுத்த கதவில். நாளைக்கு அவர் டெக்கில் மயங்கி விழுந்தால், ரேடியோவில் கரை டாக்டர் முதலில் கேட்கப்போவது "என்ன மருந்து சாப்பிடுகிறார்?" என்பதுதான். கப்பலில் யாருக்கும் பதில் தெரியாது. வைட்டமின் என்று சொல்வார்கள்.

பொய்யின் விலை

இப்போது நம் பாடத்துக்கு வருவோம். இன்ஷூரன்ஸில் "யூபெரிமா ஃபைடெஸ்" என்று மனப்பாடம் செய்தோமே, முக்கியமான உண்மை எதையும் மறைக்கக் கூடாது என்ற கோட்பாடு. கப்பல் வேலையிலும் அதுதான். கப்பலில் நோய் வந்தால் முதலாளி சிகிச்சைச் செலவு ஏற்க வேண்டும் என்று சொல்லும் அதே எம்.எல்.சி., வேலையில் சேரும்போது நோயை வேண்டுமென்றே மறைத்திருந்தால் முதலாளிக்கு அந்தப் பொறுப்பிலிருந்து விலக்கு தரலாம் என்கிறது. உலகத்துக்கே அதிகமாகக் கப்பல்காரர்களை அனுப்பும் நாடுகளில் ஒன்றான பிலிப்பைன்ஸின் 2010-ம் ஆண்டு மாதிரி ஒப்பந்தமும் இதையே கறாராகச் சொல்கிறது. மறைத்தால் இழப்பீடும் இல்லை, வேலையும் இல்லை.

சரி, "நீங்கள்தானே பரிசோதித்து ஃபிட் என்று கையெழுத்துப் போட்டீர்கள்?" என்று கேட்கலாமா? கேட்டிருக்கிறார்கள். பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றம் பல வழக்குகளில், வேலைக்கு முந்தைய பரிசோதனை உடம்பை முழுக்க ஆராய்ந்து நோயைக் கண்டுபிடிக்கும் சோதனை அல்ல என்று சொல்லிவிட்டது. அந்தச் சான்றிதழ் ஆரோக்கியத்துக்கு முழு ஆதாரம் ஆகாது.

ஆகக் கணக்கு இப்படி முடிகிறது. உண்மை சொன்னால் வேலை போகலாம். பொய் சொன்னால் இழப்பீடு போகலாம். முதல் நஷ்டம் இந்த மாதமே நிச்சயம் மாதிரித் தெரிகிறது, இரண்டாவது என்றோ ஒருநாள் வந்தால் வரும். குடும்பம் வைத்திருக்கும் மனிதன் எதைத் தேர்ந்தெடுப்பான்? இதை ஒழுக்கக் கேடு என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

அதே சமயம் மறைப்பதால் என்ன நடக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். 2003 அக்டோபர் 15 அன்று நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவு ஃபெர்ரி "ஆண்ட்ரூ ஜே. பார்பெரி" முழு வேகத்தில் துறையின் கான்கிரீட் மேடையில் மோதியது. 11 பேர் செத்தார்கள். ஓட்டிக்கொண்டிருந்தவர் நினைவு தப்பியிருந்தார். அவர் சாப்பிட்டுவந்த மருந்துகள் மருத்துவப் படிவத்தில் இல்லை. அந்தப் படிவத்தில் பொய்யான தகவல் தந்ததாக அவருடைய டாக்டரே நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

இன்னொன்று. 2007 நவம்பர் 7, சான் ஃபிரான்சிஸ்கோ. மூடுபனியில் "காஸ்கோ பூசான்" என்ற கன்டெய்னர் கப்பல் பாலத்தின் தூண் மீது உரசி, இரண்டு லட்சம் லிட்டருக்கு மேல் எரிபொருள் எண்ணெய் கடலில் கொட்டியது. வழிகாட்டி பைலட் எடுத்துக்கொண்ட மருந்துகள் அவர் சிந்தனைத் திறனைக் குறைத்தன என்றது விசாரணை. ஆனால் இதில் அவர் தன் நோய், மருந்து பற்றிய தகவல்களை அதிகாரிகளிடம் கொடுத்திருந்தார். அதை வைத்துக்கொண்டு கடலோரக் காவல் படை சரியாகக் கண்காணிக்கவில்லை என்றும் அதே விசாரணை சொன்னது.

ஒன்றில் சொல்லவில்லை. இன்னொன்றில் சொன்னதை யாரும் ஒழுங்காகப் பார்க்கவில்லை. பேப்பர் இரண்டு இடத்திலும் இருந்தது.

காசு யாருடையது?

எம்.எல்.சி. படிக்கும்போது என்னை நிமிர்ந்து உட்கார வைத்த இடம் இது. வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் கப்பல்காரரிடம் ஒரு பைசா கட்டணம் வாங்கக் கூடாது என்று அது கண்டிப்பாகச் சொல்கிறது. ஆனால் சில செலவுகளுக்கு விலக்கு. பாஸ்போர்ட், கடலோடி அடையாளப் புத்தகம், அப்புறம் சட்டப்படியான மருத்துவச் சான்றிதழ். அதாவது அந்தச் செலவைத் தொழிலாளி தலையில் போடலாம்! இதே ஐ.எல்.ஓ. 1985-ல் போட்ட 161-ம் எண் ஒப்பந்தம், வேலை தொடர்பான உடல்நலக் கண்காணிப்புக்குத் தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது, சம்பளமும் குறையக் கூடாது என்கிறது. கரையில் ஒரு நியாயம், கடலில் ஒரு நியாயம்.

யார் காசு கொடுக்கிறார் என்பது ஏன் முக்கியம் என்று ஆடிட்டிங் பேப்பர் எழுதிய எவனுக்கும் தெரியும். ஆடிட்டரைத் தேர்ந்தெடுத்து ஃபீஸ் கொடுப்பது யாரைச் சோதிக்கிறாரோ அதே கம்பெனி. டாக்டர் விஷயத்திலும் அப்படியே. கம்பெனி பேனலில் இருக்கும் டாக்டருக்கு, அடுத்த வருடமும் பேனலில் இருக்க வேண்டுமே என்ற எண்ணம் வராதா? அதற்காகத் தொழிலாளியே டாக்டரைத் தேர்ந்தெடுக்கட்டும் என்றால் அதுவும் முழுத் தீர்வு இல்லை. தெரிந்த டாக்டர் கண்ணை மூடிக் கையெழுத்துப் போட்டால் கதை நியூயார்க் மாதிரி முடியும்.

அப்போ என்ன செய்யலாம்?

எனக்குத் தோன்றுவது நான்கு.

1. மெடிக்கல் செலவைக் கப்பல் முதலாளிகள் ஒரு பொது நிதியில் கட்டட்டும். எந்த டாக்டர் என்பதை அரசு இயக்குநரகம் சுழற்சி முறையில் ஒதுக்கட்டும். இரண்டு தரப்புக்கும் டாக்டர் கடன்பட்டிருக்கக் கூடாது.

2. கம்பெனிக்குப் போக வேண்டியது ஃபிட், அன்ஃபிட் அல்லது நிபந்தனையோடு ஃபிட் என்ற முடிவு மட்டும். முழு ரிப்போர்ட் கப்பல்காரருடையது. கம்பெனி தனியாகப் பரிசோதித்து ஒருவரை மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.

3. தற்காலிகமாக அன்ஃபிட் ஆனவருக்குச் சிகிச்சைக் காலத்தில் ஓரளவாவது வருமானம் வேண்டும். பி.எஃப். மாதிரி, இ.எஸ்.ஐ. மாதிரி ஒரு சிறு நிதி. மூன்று மாதம் சாப்பாட்டுக்கு வழி இருந்தால் அந்த "இல்லை" என்ற கட்டத்தில் பாதிப்பேர் டிக் செய்ய மாட்டார்கள்.

4. இது நம் இன்ஷூரன்ஸ் பேப்பரிலிருந்து. இந்தியாவில் ஆயுள் காப்பீட்டுப் பாலிசி எடுத்து மூன்று ஆண்டு ஆகிவிட்டால் எந்தக் காரணம் சொல்லியும் அதைக் கேள்வி கேட்க முடியாது. 2015 திருத்தத்துக்குப் பின் 45-ம் பிரிவு அதுதான். பிரீமியம் வாங்கும்போது பேசாமல் இருந்துவிட்டு, க்ளெய்ம் வரும்போது தோண்டாதே என்று அர்த்தம். ஒரே கம்பெனியில் பல ஆண்டு வேலை வாங்கியபின் "நீ முதலில் மறைத்தாய்" என்று சொல்லும் முதலாளிக்கும் இப்படி ஒரு காலவரம்பு ஏன் இருக்கக் கூடாது?

"மறைப்பதற்குப் பரிசா?" என்று சிலர் சண்டைக்கு வரலாம். இல்லை. முதல் மூன்றும் வந்தால் மறைக்க வேண்டிய காரணமே பெரிதும் குறைந்துவிடும். அதன் பிறகும் மறைப்பவரை முதல் சில ஆண்டுகளில் தாராளமாகக் கேள்வி கேட்கட்டும்.

மனநலத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2019-ல் யேல் பல்கலைக்கழகம் கப்பல்காரர்களிடம் நடத்திய ஆய்வில் நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன. ஐந்தில் ஒருவருக்குத் தற்கொலை அல்லது தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம். ரத்த அழுத்தத்தையே வைட்டமின் டப்பாவில் ஒளிக்கிற இடத்தில், "எனக்குத் தூக்கம் வரவில்லை டாக்டர், மனசு சரியில்லை" என்று யார் வாயைத் திறப்பார்?

நம்ம ஊர் கடல்

எம்.எல்.சி. மீன்பிடிப் படகுகளுக்குப் பொருந்தாது. அவர்களுக்காக 2007-ல் தனியாக ஓர் ஒப்பந்தம் வந்தது, எண் 188. 24 மீட்டர் நீளமோ அதற்கு மேலோ உள்ள படகு, அல்லது வழக்கமாக மூன்று நாளுக்கு மேல் கடலில் தங்கும் படகு என்றால், அதில் போகிறவர்களுக்கு மருத்துவச் சான்று வேண்டும் என்கிறது. 2017 முதல் அமலில் இருக்கிறது. தாய்லாந்து 2019-ல் சேர்ந்துவிட்டது. இந்தியா சேரவில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர், வள்ளவிளை பக்கத்து ஆட்கள் சுறா, சூரை பிடிக்க வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்குகிறார்கள். கப்பல்காரருக்கு ஒன்றுக்கு இரண்டு மெடிக்கல், இவர்களுக்கு ஒன்றுகூட இல்லை. இங்கே மெடிக்கலைக் கொண்டு வந்தால் அது ஆட்களைக் கழிக்கிற வேலையாக ஆகிவிடக் கூடாது. வருடத்துக்கு ஒருமுறை, மீன்பிடித் தடைக்காலத்தில், துறைமுகத்திலேயே, இலவசமாக, சிகிச்சையோடு சேர்த்து நடத்தலாம். படகு சும்மா நிற்கிற நாட்களில் யாருக்கும் கூலி நஷ்டம் இல்லை.

கடைசியாக, மெர்ச்சன்ட் நேவி ஆசையில் இருக்கும் தம்பிகளுக்கு ஒரே ஒரு வார்த்தை. கோர்ஸுக்கு லோன் போட்டு ஃபீஸ் கட்டுவதற்கு முன்னால் அங்கீகாரம் பெற்ற டாக்டரிடம் கண்ணையும் நிறப்பார்வையையும் பார்த்துவிடுங்கள். நிறக்குருடு பிறவியிலேயே வருவது, கண்ணாடி போட்டுச் சரியாகாது. அரை மணி நேரச் சோதனை, பல லட்ச ரூபாய் மிச்சம். அன்ஃபிட் என்று சொன்னால் எழுத்தில் கேளுங்கள், மறுபரிசோதனை உங்கள் உரிமை.

வீட்டில் கப்பல்காரர் இருக்கிறவர்கள் பின்னூட்டத்தில் எழுதுங்கள். முக்கியமாக அந்த நான்காவது யோசனை பற்றி. லா படிக்கிற நண்பர்கள் யாராவது அதில் ஓட்டை இருந்தால் சொல்லுங்கள், சண்டை போட ரெடி.